மின்னி பேயில் வரும் எரர் மெயின்லேண்டுக்குத் தெரியுமா?

‘பணம் போயிடுச்சு, டிக்கெட் வரலை.’ இணையத்தில் டிக்கெட் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து தமிழர்கள் எல்லா ஊரிலும் சொல்லிவரும் வாக்கியம் இது. சென்னையில் இருப்பவர் இதைச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். அந்தமானில், போர்ட் பிளேர் துறைமுகத்தை ஒட்டிய மின்னி பே பகுதியில் இருப்பவருக்கு அப்படி முடியாது. சென்னைக்கும் அவருக்கும் நடுவில் ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் கடல். கப்பல் என்றால் மூன்று நாள் பயணம், அதுவும் தினமும் இல்லை. மெயின்லேண்டில் ஆஸ்பத்திரித் தேதியோ கல்லூரிச் சேர்க்கையோ இருந்தால், அந்த ஒரு டிக்கெட்தான் எல்லாம்.

திரை சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும்’ என்கிறது. சரி, நேர்ந்த தவறு என்ன? அப்படி ஒன்று நேர்ந்தது அந்தத் தளத்தை எழுதியவருக்குத் தெரியுமா? பல தளங்களில் தெரியாது என்பதுதான் பதில். போன் செய்து, வரிசையில் நின்று, மனு எழுதிக் கொடுத்த பிறகே தெரியும். அப்போதும் ‘எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கே சார்’ என்றுதான் பதில் வரும். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்க்கும் இடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பிழை நடந்த இடத்தை அவர் பார்க்கவில்லை, பார்க்க ஏற்பாடும் இல்லை.

அப்படிப் பார்க்கும் ஏற்பாடு புதியதல்ல. 1980களிலேயே கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன், தான் எழுதிய சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளுக்காக சிஸ்லாக் என்ற முறையை உருவாக்கினார். ஒவ்வொரு இயந்திரமும் தன்னிடம் நடப்பதை ஒரு வரியாக எழுதும்; இந்தப் பதிவுதான் லாக். பல இயந்திரங்களின் வரிகள் வலை வழியாக ஒரே இடத்தில் வந்து சேரும். இன்றைய லாக் சேவைகள் பலவற்றுக்கும் அடி அதுதான். 2008இல் டேவிட் கிராமர் ஜாங்கோ என்ற வலைக்கட்டமைப்புக்காக ஒரு சிறு துணைநிரலை எழுதினார். பயன்பாடு உடைந்ததும் அந்தப் பிழையைப் பிடித்துச் சேமிப்பது மட்டுமே அதன் வேலை. அது வளர்ந்து சென்ட்ரி ஆனது. இன்று உலகெங்கும் டெவலப்பர்கள் காலையில் முதலில் திறக்கும் பக்கங்களில் ஒன்று.

இதில் தமிழ்நாட்டுக்கும் சொந்தக் கதை இருக்கிறது. இன்றைய ஜோஹோ, 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்தது வலையமைப்புகளைக் கண்காணிக்கும் மென்பொருள்தான். மின்னஞ்சலும் கணக்குப் புத்தகமும் பின்னால் வந்தவை. எங்கோ இருக்கும் ஒரு பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லும் தொழிலில்தான் அந்த நிறுவனம் தலையெடுத்தது. வலைத்தளங்களை உலகின் பல ஊர்களிலிருந்து தட்டிப் பார்த்து, லாக்குகளையும் சேர்த்து வைக்கும் அதன் சைட்24x7 அந்தப் பழைய வேலையின் தொடர்ச்சி. ஆகவே நம்மவர்களுக்குத் தொழில்நுட்பம் எட்டாத இடத்தில் இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாயிரமா, தொண்ணூறா?

பிழைகளை ஒரே இடத்தில் சேர்த்துப் பார்ப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்தியாவே பார்த்த ஓர் உதாரணம் உண்டு. 2021 ஜூன் 7 அன்று வருமான வரித்துறையின் புதிய இணையதளம் திறக்கப்பட்டது. உருவாக்கியது இன்ஃபோசிஸ். மறுநாளே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், தன் ட்விட்டர் பக்கம் முழுக்கக் குறைகள் குவிந்திருப்பதாக, இன்ஃபோசிஸையும் அதன் தலைவர் நந்தன் நிலேகணியையும் குறிப்பிட்டே வெளிப்படையாக எழுதினார். ஆடிட்டர்கள், வரி ஆலோசகர்கள், சம்பளக்காரர்கள் எல்லோரும் திரையைப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை.

ஜூன் 22 அன்று அமைச்சகத்தில் கூட்டம் நடந்தது. அதற்கு முன் கருத்துக் கேட்டிருந்தார்கள். 700க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் வந்தன. அவற்றில் 2,000க்கும் மேற்பட்ட குறைகள் சொல்லப்பட்டிருந்தன. பிரித்துப் பார்த்தபோது தனித்தனிச் சிக்கல்கள் 90 என்று அமைச்சகமே அறிவித்தது. பிறகும் தளம் முழுதாகச் சீராகவில்லை. ஆகஸ்ட் 21, 22 தேதிகளில் அது திறக்கவே இல்லை. 23 அன்று இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக் அமைச்சகத்துக்கு வரவழைக்கப்பட்டார். செப்டம்பர் 15 வரை கெடு கொடுக்கப்பட்டது.

இந்தக் கதையில் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது 2,000, 90 என்ற இரண்டு எண்கள்தான். 2,000 குரல்களுக்குள் 90 பிழைகள் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது பிழை கண்காணிப்புச் சேவையின் அன்றாட வேலை. நிரல் உடையும்போது எந்தக் கோப்பில், எந்த வரியில், எந்த வழியாக வந்து உடைந்தது என்ற தடத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஒரே தடமுள்ள பிழைகள் எத்தனை ஆயிரம் வந்தாலும் ஒரே தலைப்பின் கீழ் அடுக்குகிறது. எத்தனை பேருக்கு வந்தது, எந்த ரிலீஸுக்குப் பிறகு தொடங்கியது, எந்த பிரவுசரில் மட்டும் வருகிறது என்று பக்கத்திலேயே காட்டுகிறது. மனிதர்கள் மின்னஞ்சல் படித்து வாரக்கணக்கில் செய்வதை நிமிடக் கணக்கில் செய்துவிடும்.

அந்தத் தளத்துக்குள் என்ன கருவிகள் இருந்தன என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். ஒரு பெரிய பொதுத்தளத்தின் குறைகளை நாடு ட்விட்டரிலும் மின்னஞ்சலிலும் சொல்ல வேண்டியிருந்தது என்பதே போதும். அது கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய தளம், அதனால் குரல் அமைச்சரை எட்டியது. அந்தமான் நிக்கோபாரின் மொத்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 3,80,581. அதில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் தமிழ் பேசுபவர். இவர்களுக்கு மட்டும் வரும் ஒரு பிழை எந்தச் சமூக ஊடகத்தில் டிரெண்ட் ஆகப் போகிறது? எண்ணிக்கை சிறியதாக இருக்கும் இடத்தில்தான், யாரும் கத்தாமலேயே பிழை தெரியவரும் ஏற்பாடு அதிகம் தேவை.

சர்வருக்குத் தெரியாத பிழை

2020 ஆகஸ்ட் 10 வரை இந்தத் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, இறங்கி, பதிலும் அதே வழியில் வர வேண்டும். ஒளி வேகத்தில் போனாலும் ஒரு கேள்வி பதிலுக்கு ஏறத்தாழ அரை வினாடி. பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தவே முன்பெல்லாம் மூன்று முறை போய்வர வேண்டியிருந்தது. பக்கத்தைக் கேட்கும் முன்பே ஒன்றரை வினாடி போயிருக்கும். கிடைத்த அலைவரிசையும் எல்லோரும் பங்கிட்ட குறுகிய வழி.

அந்த ஆகஸ்ட் 10 அன்று திறந்துவைக்கப்பட்டது சென்னையிலிருந்து கடலடியில் வந்த கேபிள். 2018 டிசம்பர் 30இல் அடிக்கல் நாட்டி, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு, சுமார் 1,224 கோடி ரூபாய் செலவில் பி.எஸ்.என்.எல். போட்டது. போர்ட் பிளேரோடு ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகியவையும் இணைந்தன. மின்னி பே வீடுகளில் வீடியோ கால் முகம் உறையாமல் ஓடத் தொடங்கியது அதன் பிறகுதான். ஆனாலும் கேபிள் தொடாத தீவுகள் இருக்கின்றன. கேபிளில் பழுது வந்தால் மறுபடியும் வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நல்ல இணைப்பில் உட்கார்ந்து எழுதும் டெவலப்பருக்கு எது தெரியாமல் போகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கற்பனையாக ஒரு கப்பல் டிக்கெட் தளம். பக்கம் திறந்துவிட்டது, சர்வர் தன் லாக்கில் ‘200, சரி’ என்று எழுதிவிட்டது. பக்கத்தோடு வர வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு பாதி வழியில் அறுந்துவிட்டது. ‘பணம் செலுத்து’ பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறது, அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. பத்து முறை அழுத்தினாலும் சர்வருக்கு ஒரு செய்தியும் போவதில்லை. சர்வர் லாக்கைப் படிப்பவருக்கு, யாரோ வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனதாகத்தான் தோன்றும்.

ஆகவே பிழை பிடிக்கும் நிரல் பயனரின் போனுக்குள்ளும் ஓட வேண்டும். பக்கத்தின் முதல் வரிகளிலேயே, வேறெந்தக் கோப்பையும் எதிர்பார்க்காமல், மிகச் சிறியதாக அது இருக்க வேண்டும். பிடித்த பிழையை உடனே அனுப்ப முடியாவிட்டால் போனிலேயே வைத்திருந்து, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும். தாமதமாக வந்த பிழைக்கு நடந்த நேரமும் சேர்ந்த நேரமும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். பெரும்பாலான சேவைகளில் இந்த வசதி ஏதோ ஒரு வடிவில் உண்டு. தீவுக்காகத் தளம் எழுதுபவர் அதை முதல் நாளே முடுக்கிவிட வேண்டும்.

முத்துலட்சுமியின் 39 பைட்டுகள்

தமிழ்ப் பெயர்களுக்கென்றே சில பிழைகள் இருக்கின்றன. ‘முத்துலட்சுமி’ என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அது 13. யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் எடுக்க, மொத்தம் 39. பெயருக்கு 30 பைட்டுகள் போதும் என்று யாரோ எப்போதோ தரவுத்தளத்தில் ஒதுக்கியிருந்தால், ‘கண்ணன்’ 18 பைட்டுகளோடு உள்ளே போய்விடுவார், முத்துலட்சுமிக்கு எரர் வரும். மெயின்லேண்டில் ஆங்கிலத்தில் ‘டெஸ்ட்’ என்று அடித்துச் சோதிப்பவருக்கு இது ஆயுளுக்கும் வராது. பிழைகள் ஒரே இடத்தில் சேர்ந்தால், ஒரே வரியில் உடையும் நூறு முயற்சிகளும் நீளமான தமிழ்ப் பெயர்கள் என்று பார்த்ததும் பிடிபடும்.

இதைவிட மோசமானது, பிழை என்றே கணக்கில் வராத பிழை. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். ‘கடைசிப் பெயர் கட்டாயம்’, ‘ஓரெழுத்துப் பெயர் செல்லாது’ என்று படிவம் சிவப்பு எழுத்தில் சொல்லும்போது, அது பயனரின் தவறு என்றே நிரல் கருதுகிறது. எதுவும் உடையவில்லை, ஆகவே எந்தச் சேவையும் அலறுவதில்லை. ஆள் மட்டும் திரும்பிப் போய்விடுகிறார். படிவங்கள் எதை, எத்தனை முறை நிராகரிக்கின்றன என்பதையும் எழுதி வைக்க வேண்டும். படிவத்தின் ஒரு கட்டத்தில் பத்தில் மூன்று பேர் திருப்பி அனுப்பப்பட்டால் திருத்த வேண்டியது அந்தக் கட்டத்தை. மென்பொருள் துறையில் இதைப் பற்றிப் போதுமான கவலை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது அந்தப் பழைய வாக்கியத்துக்கு வருவோம். ‘பணம் போயிடுச்சு, டிக்கெட் வரலை’ என்ற ஒரே நிகழ்ச்சி குறைந்தது மூன்று வீடுகளில் பதிவாகிறது: டிக்கெட் தளம், பணம் வாங்கும் கேட்வே, வங்கி. கேட்வே ‘பணம் கிடைத்தது’ என்று தளத்துக்குச் சொல்லும் செய்தி வழியில் தொலைந்தால், கேட்வேயின் லாக்கில் வெற்றி, தளத்தின் லாக்கில் காத்திருப்பு, வங்கியின் லாக்கில் பற்று. மூன்றும் உண்மை. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆளில்லை. பரிவர்த்தனை தொடங்கும்போதே ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து, அது போகும் இடமெல்லாம் அந்த எண்ணையே எழுத வைத்தால், ஒரு தேடலில் முழுப் பயணமும் வரிசையாக விரியும். ஆனால் எல்லா இயந்திரங்களின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். இரண்டு வினாடி முன்பின்னாக ஓடினால் பணம் கட்டும் முன்பே டிக்கெட் ரத்தானதாக லாக் சொல்லும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையமான என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்கச் சொன்னது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும், இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொன்னதும் அதே உத்தரவுதான்.

சேர்க்கக் கூடாதவை

எல்லாவற்றையும் எழுதி வைப்பதில் பெரிய ஆபத்தும் இருக்கிறது. 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது. மறைகுறியாக்கும் முன்பே கடவுச்சொற்கள் அப்பட்டமாக ஓர் உள் லாக்கில் எழுதப்பட்டுவந்தன என்பதே காரணம். 2019 மார்ச்சில் ஃபேஸ்புக்கும் கோடிக்கணக்கான கடவுச்சொற்கள் படிக்கக்கூடிய வடிவில் உள்ளே சேமிக்கப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டது. அதற்காக 2024இல் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் மெட்டாவுக்கு விதித்த அபராதம் 9.1 கோடி யூரோ. 2021 டிசம்பரில் உலகையே ஆட்டிய லாக்4ஷெல் ஓட்டை இருந்ததோ லாக் எழுதும் நிரலுக்குள்ளேயே. வெளியிலிருந்து வரும் ஒரு வரியை எழுதி வைக்கப் போய், அந்த வரி சொன்ன கட்டளையையே சர்வர் நிறைவேற்றியது.

டிக்கெட் தளத்தின் பிழைப் பதிவில் ஆதார் எண்ணோ, கார்டு எண்ணோ, ஓ.டி.பி.யோ இருக்க எந்த நியாயமும் இல்லை. அவை பயனரின் போனையோ தளத்தின் சர்வரையோ விட்டுக் கிளம்பும் முன்பே அழிக்கப்பட வேண்டும். பிழைப் பதிவுச் சேவைக்குப் போன பிறகு அழிக்கலாம் என்பது ஏமாற்று. கடற்படை வளாகமும் குடியிருப்பும் அடுத்தடுத்து இருக்கும் மின்னி பே போன்ற இடத்தில், யார் எந்தத் தேதியில் எந்தத் தீவுக்குப் போகிறார் என்ற விவரமே கவனமாகக் கையாள வேண்டிய ஒன்று.

கண்காணிப்பவர் எங்கே நிற்கிறார் என்பதும் முக்கியம். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை சில மணி நேரம் முடங்கியது. அதன் நிலைமையைச் சொல்ல வேண்டிய அமேசானின் அறிவிப்புப் பக்கமும் எஸ்3ஐயே நம்பியிருந்ததால், கோளாறு நடந்துகொண்டிருந்தபோதும் தொடக்கத்தில் அதைத் திருத்திக் காட்ட முடியவில்லை. தீவில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். கண்காணிப்பு சென்னையில் மட்டும் இருந்தால், கேபிள் பழுதானதும் தீவுக்குள் நன்றாக ஓடும் பயன்பாடும் செத்துவிட்டதாகத் தெரியும். தீவில் மட்டும் இருந்தால், உள்ளே எல்லாம் பச்சை விளக்காக இருக்கும்போது சென்னையிலிருந்து பதிவு செய்ய முயலும் உறவினருக்குத் தளமே திறக்காது. இரு கரையிலும் ஒவ்வொரு கண் வேண்டும்.

இதையெல்லாம் ஒவ்வொரு சிறு அலுவலகமும் தனியாகச் செய்ய முடியுமா? சென்ட்ரியை முழு வசதிகளோடு சொந்த சர்வரில் நிறுவினால் குறைந்தது 16 ஜிபி ரேம் கேட்கும். கிளிட்ச்டிப் போன்ற இலகுவான திறமூல மாற்று உண்டு. சென்ட்ரிக்கு எழுதிய நிரலே அதற்கும் பேசும். அதையும் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். ஒரு டைவிங் நிறுவனத்துக்கோ, பள்ளிக்கோ, ஒற்றை டெவலப்பரை வைத்திருக்கும் சிறு துறைக்கோ அது முடியாது. ஆகவே தீவின் பொதுச் சேவைத் தளங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பிழைப் பதிவு மையம், தளத்துக்குத் தளம் தனித்தனிச் சாவி, ஒருவர் லாக்கை மற்றவர் பார்க்க முடியாத சுவர், ஒரு தளம் சுழலில் சிக்கி நிமிடத்துக்கு லட்சம் பிழைகளைக் கொட்டினாலும் மற்றவர்களை மூழ்கடிக்காத அளவுக்கட்டுப்பாடு. இவ்வளவுதான் தேவை. அரசுத் தளங்களுக்கு இதை நடத்த என்.ஐ.சி.தான் இயல்பான இடம் என்பது என் கருத்து.

அலர்ட் யாருக்குப் போகும் என்று பெயரோடு எழுதி வைக்காவிட்டால் இத்தனையும் வீண். தினம் முந்நூறு அலர்ட் வந்தால் மூன்றாம் நாள் யாரும் படிக்க மாட்டார்கள். டெவலப்பர்கள் அலர்ட் வரும் குழுவை மியூட் செய்துவிட்டு வேலை பார்ப்பதை எத்தனையோ அலுவலகங்களில் பார்க்கலாம். புதிய பிழை, திடீரென்று பெருகிய பிழை, பணம் சம்பந்தப்பட்ட பிழை ஆகிய மூன்று மட்டும் ஆளை எழுப்பட்டும். மற்றவை காலையில் பட்டியலாக வரட்டும்.

பயனரின் திரைக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ‘ஏதோ தவறு’ என்று நிறுத்திக்கொள்ளாமல், அந்தப் பிழையின் அடையாள எண்ணையும் நடந்ததையும் பெரிய எழுத்தில், தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் காட்டலாம்: ‘உங்கள் பணம் வங்கியிலிருந்து எடுக்கப்பட்டுள்ளது, டிக்கெட் இன்னும் உறுதியாகவில்லை, மறுபடி பணம் கட்ட வேண்டாம், இந்த எண்ணைச் சொல்லுங்கள்.’ மின்னி பேயில் இருப்பவர் ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கெட் கவுன்டரில் அந்த எண்ணைச் சொன்னதும், கவுன்டரில் இருப்பவர் அதைத் தட்டி, மூன்று வீட்டு லாக்கும் ஒரே திரையில் வரப் பார்த்து, பணம் எங்கே நிற்கிறது என்று அங்கேயே சொல்ல முடியும். அதற்கு வேண்டிய மென்பொருள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, கேபிளும் 2020இலேயே வந்துவிட்டது.